தாரும் கீலும்

இரண்டே எழுத்துள்ள 'தார்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. அரசர்கள் மார்பில் அணிந்த மாலையும் தார். தோட்டத்து வாழை ஈனும் குலையும் தார். உழவன் மாட்டை ஓட்டும் முட்கோலும் தார். நெசவாளி நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூற் சுருளும் தார். மதுரையின் நெசவாளர் வீதிகளில் தார் சுற்றும் ராட்டையின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். இத்தனை மங்களமான பொருள்களுக்கு நடுவே ஆங்கிலேயருடைய கறுப்புத் தாரும் வந்து புகுந்துகொண்டது. இப்போது தார் என்ற மாத்திரத்தில் நம் மனத்தில் மாலையும் வராது, வாழையும் வராது. கொதிக்கும் பீப்பாயும் புகையுமே வரும்.

விளாங்குடியின் ஊடே செல்லும் திண்டுக்கல் சாலையின் மேல் கறுப்பாகப் படிந்திருப்பது எது என்று எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் 'தார்' என்று உடனே விடை வரும். ஊர் வழக்கின்படி அது சரியான விடை. ரசாயன சாஸ்திரியோ அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய கணக்கில் அந்தச் சாலையின் மேல் இருப்பது தாரே அன்று. அதற்கு வேறு பெயர், வேறு பிறப்பு, வேறு குணம்.

கறுப்பாய் ஒட்டுகிற பண்டத்துக்குப் பெயர் எதுவானால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். ஒரே பெயரால் வழங்கும் இந்தக் கரிய பண்டங்களுக்குள் இருக்கும் வேற்றுமையை ஒரு தேசத்தார் நன்றாய் ஆராய்ந்தார்கள். அதனால் நம் மதுரையின் பழைய கைத்தொழில் ஒன்று அடியோடு மாறிப் போயிற்று. அந்த வேற்றுமையை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் சாலையில் வேலை செய்யும் கூலியாளின் உடல் நலத்தையும் பொறுத்த விஷயம். ஆகவே சற்று நின்று இதைத் தெரிந்துகொள்வது வீண் வேலையாகாது.

மூன்று பிறவிகள்

கரிய பசைப் பண்டங்கள் மூன்று இடங்களிலிருந்து கிடைக்கின்றன: மரம், நிலக்கரி, மண்ணெண்ணெய்க்கெல்லாம் மூலமான கச்சா எண்ணெய்.

விறகைத் திறந்த வெளியில் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றுப் புகாமல் மூடிச் சூடேற்றினாலோ, அது எரியாமல் வெந்து, கரியாகவும் ஆவியாகவும் பிரிகிறது. அந்த ஆவி குளிரும்போது கரிய கெட்டி எண்ணெய் சொட்டுகிறது. அதுவே ஆதித் தார். ஆங்கிலத்தில் 'டார்' என்ற சொல்லே மரத்தைக் குறிக்கும் பழைய சொல்லோடு உறவுடையது என்பர். ஸ்வீடன், பின்லாந்து முதலிய வட நாடுகளில் பைன் மரத்தின் வேர்க் கட்டைகளைப் புனல் போன்ற பள்ளத்தில் அடுக்கி, மேலே புல்மண் மூடி, பல நாட்கள் மெதுவாகக் கனியவிட்டு இந்தத் தாரை இறக்கினார்கள். மேனாட்டாருடைய பாய்க்கப்பல்களின் கயிறும் பலகையும் இதனால்தான் உப்பு நீருக்கு ஈடு கொடுத்தன.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. நம் சித்த வைத்தியர்கள் 'குழித்தைலம்' என்று ஒன்று இறக்குவார்கள். அடியில் துளையிட்ட பானையில் சரக்கை நிரப்பி, வாயை மூடிச் சீலைமண் பூசி, குழிக்குள் புதைத்த மற்றொரு பாத்திரத்தின் மேல் வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். மேற்பானையில் வெந்த சரக்கின் சாரம் கீழ்ப் பாத்திரத்தில் கரிய தைலமாய் இறங்கும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இவ்விதம் இறக்கும் தைலத்தைப் படர்தாமரை முதலிய தோல் நோய்களுக்குத் தடவுவது வழக்கம். ஸ்வீடன் தேசத்தான் பள்ளத்தில் செய்ததும் நம் வைத்தியர் குழியில் செய்ததும் ஒரே காரியம், அளவில்தான் வித்தியாசம்.

இரண்டாவது, நிலக்கரியிலிருந்து வருவது. இதுவும் காற்றுப் புகாமல் சூடேற்றிப் பெறுவதே. இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு வேண்டிய கல்கரியைத் தயாரிக்கும் சூளைகளில் இது பக்கச் சரக்காகக் கிடைக்கிறது. நூறு பங்கு நிலக்கரி போட்டால் நாலைந்து பங்கு தார் வரும். இதற்குக் கரித்தார் என்று பெயர்.

மூன்றாவது, கச்சா எண்ணெயிலிருந்து வருவது. இது சூட்டினால் புதிதாய் உண்டாவதில்லை. எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் கனமான பகுதி இது. சில இடங்களில் பூமியே பிளந்து இதை வெளியே கசியவிடுகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் திரினிதாத்தில் ஏரி போலவே இது பரந்து கிடக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பிட்டுமென் என்றும், கல்லும் மணலும் கலந்த நிலையில் ஆஸ்பால்ட் என்றும் பெயர். தமிழில் நிலக்கீல் என்ற அழகான பெயர் இருக்கிறது. நம் சாலைகளின் மேல் இருப்பது இதுவே.

சொல்லும் பொருளும்

கீல் என்பது தமிழ் அகராதிகளில் இடம்பெற்ற பழைய வழக்கு. கப்பலுக்குப் பூசும் பசையை அது குறிக்கும். கீலெண்ணெய் என்பதும் அவ்வழிப்பட்டதே. உடம்பின் மூட்டுக்கும் கதவின் பிணைப்புக்கும் கூடக் கீல் என்று பெயருண்டு. மூட்டில் வரும் நோயைக் கீல்வாதம் என்கிறோம். நிலத்திலிருந்து வரும் கீல் ஆதலால் நிலக்கீல். இலங்கைத் தமிழர் நூல்களில் இச்சொல் சரளமாக வழங்குகிறது. நம் பக்கத்தில் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது.

கடற்கரை ஊர்களில் மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துப் பசையிட்டு அடைப்பதற்குக் கலப்பற்றுதல் என்று பெயர். அது போர்த்துக்கீசியரோடு வந்த சொல். அதற்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பயன்படுத்துவார்கள். மேற்குக் கரையில் முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் காரமான எண்ணெயையும் படகுக்குத் தடவுவதுண்டு. குங்கிலியம் போன்ற மரப் பிசின்களுக்கு மலாய் மொழியில் 'டாமார்' என்று பெயர். ஆங்கிலேயரின் 'டாமர்' அதிலிருந்து வந்தது. மராத்தியிலும் கன்னடத்திலும் தாருக்கே டாம்பர், டாம்பரு என்கிறார்கள். நாம் துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டை மராத்தியரின் வீட்டில் 'டாம்பர் கோளி'. அதாவது தார் உருண்டை! அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதைப் பின்னால் காண்போம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர் தார் பூசிய கித்தானைத் 'தார்பாலின்' என்றார்கள்; தார் பூசிய போர்வை என்பது அதன் கருத்து என்பர். நம்மவர் அதைக் காதில் வாங்கித் தார்ப்பாய் என்று ஆக்கிக்கொண்டார்கள். போர்வை பாயாகிவிட்டது, ஆயினும் பொருள் சிறிதும் கெடவில்லை. நெல் மூட்டையை மழையினின்று காக்கும் எந்த வண்டிக்காரனுக்கும் அது இறக்குமதிச் சொல் என்ற நினைவே வராது.

பழைய உலகில்

நிலக்கீலை மனிதன் பயன்படுத்தத் தொடங்கியது நேற்று இன்றல்ல. 1925-26-ல் மொகஞ்சதாரோவில் தோண்டி எடுத்த பெருங்குளத்தைப் பற்றி நேயர்கள் படித்திருப்பார்கள். 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் குளத்தின் செங்கற் சுவருக்குப் பின்னே, நீர் கசியாதிருக்கச் சுமார் ஓர் அங்குல கனத்துக்கு நிலக்கீல் பூசியிருந்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்து நதிக் கரையில் இருந்த கொத்தனுக்கு இந்தப் பண்டத்தின் குணம் தெரிந்திருந்தது. பாபிலோன் நகரத்தார் செங்கற்களை இதைக் கொண்டே ஒட்டவைத்துச் சுவர் எழுப்பினார்கள். எகிப்தியரின் பதப்படுத்திய பிரேதங்களுக்கு 'மம்மி' என்று பெயர் வந்ததும் பாரசீகத்தில் இதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான்.

நம் தெற்குக் கடலும் இதை அறியும். பாரசீகத்து வணிகர்கள் மண் ஜாடிகளின் உட்புறத்தில் நிலக்கீல் பூசி, அவற்றில் சரக்கை அடைத்துக் கப்பலேற்றினார்கள். அத்தகைய ஜாடிகளின் துண்டுகள் கேரளத்துப் பட்டணத்திலும், இலங்கை அனுராதபுரத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அனுராதபுரத்துத் துண்டுகளில் ஒட்டியிருந்த நிலக்கீலை ரசாயன முறையில் சோதித்து, அது ஈரான் தேசத்தது என்று கண்டிருக்கிறார்கள். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு முதல் 9-ஆம் நூற்றாண்டு வரையில் நடந்த வியாபாரத்துக்கு அந்தக் கறுப்புப் பூச்சே இன்று சாட்சி சொல்லுகிறது.

மதுரைச் சிவப்பும் கரித்தாரும்

இனி, நமக்கு நெருக்கமான கதைக்கு வருவோம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்துத் தெரு விளக்கு எரிக்கத் தொடங்கினார்கள். லண்டனில் 1812-ல் அதற்கென்று ஒரு கம்பெனி ஏற்பட்டது. வாயு விளக்காயிற்று, கல்கரி அடுப்புக்காயிற்று, நடுவில் தேங்கிய கரித்தாரை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. நாற்றம் பிடித்த அந்தக் கழிவை ஆற்றில் விடுவதும் குழியில் கொட்டுவதுமாக இருந்தார்கள்.

1856-ல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் லண்டனில் மலேரியாச் சுரத்துக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கரித்தாரிலிருந்து பெற்ற அனிலீன் என்ற பண்டத்தை வைத்து அவர் செய்த சோதனையில் கொயினா வரவில்லை. கரிய கசடு ஒன்று வந்தது. அதைச் சாராயத்தில் கரைத்ததும் அற்புதமான ஊதா நிறம் தோன்றிற்று. பட்டில் தோய்த்தால் ஒட்டிக்கொண்டது, வெயிலில் வெளுக்கவில்லை. கழிவுக்குழிக்குள் வானவில் இருப்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது.

அக்காலத்தில் மதுரையின் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் சிவப்புச் சாயத்துக்குப் பேர் போனவர்கள். ராமேசுவரம், மன்னார் முதலிய மணற்பாங்கான கரைகளில் இம்பூறல் என்னும் சிறு பூண்டு விளைகிறது. அதன் வேரே சாயவேர். அதைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, இடித்து, நூலை எண்ணெயிலும் காரத்திலும் பலமுறை ஊறவைத்து, பல நாள் உழைத்து அவர்கள் சாயம் ஏற்றினார்கள். வைகை நீருக்குச் சாயம் பிடிக்கும் தனிக் குணம் உண்டு என்று அவர்கள் நம்பினார்கள். வெளுக்க வெளுக்க நிறம் துலங்கும் அந்தச் சிவப்புத் தலைப்பாகைகளும் சுங்குடிச் சேலைகளும் தொலை தூரம் சென்று விலையாயின.

அந்த வேருக்குள் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற பொருள். 1868-ல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானியர் அதே அலிசரினைக் கரித்தாரிலுள்ள ஆந்திரசீன் என்னும் பண்டத்திலிருந்து செய்துவிட்டார்கள். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மனியின் 'பாஸ்ஃப்' கம்பெனியார் ஒரு நாளும், பெர்க்கின் அதற்கு மறு நாளுமாக, அதை மலிவாகச் செய்யும் முறைக்கு லண்டனில் உரிமை கோரினார்கள். ஒரு நாள் முந்தினால் ஒரு தொழிலே கைவசமாகும் என்ற அவசரம் அவர்களுக்கு! ராமேசுவரத்து மணலில் வேர் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கோ, மதுரையில் நூலை ஊறவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கோ, தங்கள் தலைவிதி எங்கோ ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் எழுதப்படுவது தெரிய வழியில்லை. சில பத்து வருஷங்களில் ஜெர்மன் அலிசரின் டின்கள் மதுரைக்கே வந்து இறங்கின. பல நாள் வேலை சில நாளில் முடிந்தது. சாயக்காரர்கள் அதற்கு மாறினார்கள். வேர் தோண்டுவோர் தொழிலிழந்தனர். 1914-ல் யுத்தம் மூண்டு ஜெர்மன் சரக்கு வராமல் நின்றபோது இந்தியா முழுவதும் சாயத்துக்குத் திண்டாட்டம் ஏற்பட்டது. சாயவேர்த் தொழிலோ அதற்குள் மீளும் நிலையைக் கடந்துவிட்டது.

அவுரியின் கதை இன்னும் பெரிது. 1897-ல் 'பாஸ்ஃப்' கம்பெனியார் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு மூலப்பொருள் நாஃப்தலின். அதாவது நம் பாச்சை உருண்டை! அதுவும் கரித்தாரின் பிள்ளையே. அந்தச் சமயத்தில் இந்தியாவில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் அவுரி பயிராயிற்று. 1914-க்குள் அது 2 லட்சம் ஏக்கருக்கும் கீழே இறங்கிற்று. பீகாரில் சம்பாரண் ஜில்லாவின் தோட்டத்துரைகள் தங்கள் நஷ்டத்தைக் குடியானவர் தலையில் ஏற்றினார்கள், அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கென்று குத்தகையை உயர்த்தினார்கள், ரொக்கமும் வாங்கினார்கள். அந்த அநீதியை விசாரிக்கவே 1917-ல் காந்தியடிகள் சம்பாரண் சென்றார். மறு ஆண்டு வந்த சட்டம் அந்தக் கட்டாய முறையை ஒழித்தது. நம் தேசத்துச் சத்தியாக்கிரகத்தின் முதல் அத்தியாயத்துக்குப் பின்னே ஒரு துளி கரித்தார் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தக் கதையில் நம்மவர் கைத்திறனுக்குக் குறைவில்லை. எத்தனை முறை ஊறவைத்தால் என்ன சிவப்பு வரும் என்று நம் சாயக்காரர் விரல் நுனியில் வைத்திருந்தார். அந்தச் சிவப்பு எதனால் ஆயது என்ற கேள்வியை ஜெர்மானியர் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவும் சோதிக்கவும் வேண்டிய பள்ளிகளும் சோதனைச் சாலைகளும் அவர்களிடம் இருந்தன. அடிமைப்பட்டிருந்த நம் தேசத்தில் அவை இல்லை.

வீட்டுக்குள் வந்த தார்

கரித்தார் சாயத்தோடு நிற்கவில்லை. 1865-ல் ஜோசஃப் லிஸ்டர் என்ற ரண வைத்தியர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைச் சுத்தம் செய்து, புண் அழுகிச் சாகும் பரிதாபத்தைக் குறைத்தார். அந்த அமிலம் கரித்தாரிலிருந்து எடுத்தது. வீட்டுத் தரையைக் கழுவும் பினாயிலும், ரயில் தண்டவாளத்தின் கீழ் மரக்கட்டைகளைச் செல்லரிக்காமல் காத்த கிரியோசோட்டும் அதே குடும்பம். சர்க்கரை நோயாளிகள் காபியில் போட்டுக்கொண்ட சாக்கரின் 1879-ல் கண்டுபிடிக்கப்பட்டதும் கரித்தார்ப் பண்டங்களை ஆராய்ந்த ஒரு சோதனைச் சாலையில்தான். காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்கு இன்றும் டாக்டர்கள் கரித்தார் கலந்த களிம்பை அளவறிந்து கொடுக்கிறார்கள்.

அரசியலிலும் தாருக்கு இடமுண்டு. 1952-ல் ரயில் நிலையப் பலகைகளில் ஹிந்தி எழுத்துக்களை அழிக்கத் திராவிடர் கழகத்தார் நடத்திய கிளர்ச்சியில் தார்ச் சட்டியும் தூரிகையுமே ஆயுதங்களாயின. எளிதில் அழிக்க முடியாதது என்பதே அதன் சிறப்பு.

சாலைக்கு வந்த விதம்

ஜல்லியை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கும் சாலை முறையை வகுத்தவர் மெக்காடம் என்ற ஸ்காத்லாந்துக்காரர், 1836-ல் காலமானார். அவருடைய சாலையில் தாரே கிடையாது. நம் பக்கத்துக் கப்பி ரோடு அந்த வகையே. மாட்டு வண்டிக்கு அது போதும். மோட்டார் வந்த பின் சக்கரம் காற்றாய்ப் பறந்து ஜல்லிக்கு நடுவேயுள்ள மண்ணை உறிஞ்சி எடுத்தது; வீதியெங்கும் புழுதி. 1902-ல் மொனாக்கோவில் புழுதியை அடக்க ரோட்டின் மேல் கரித்தார் பூசிப் பார்த்தார்கள். அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஹூலி என்ற எஞ்சினீயர் தாரையும் ஜல்லியையும் கலந்து 'தார்மாக்' என்ற பெயரில் உரிமை பெற்றார். ஆகவே முதலில் ரோட்டுக்கு வந்தது உண்மையில் தார்தான். பின்னர் பெட்ரோல் பெருகி, எண்ணெய் ஆலைகளின் அடிக்கசடு மலிவானதும், நிலக்கீல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய பெயர் மட்டும் போகவில்லை.

1965-ல் ஏற்பட்ட மதராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் சென்னை மணலியில் ஆலை அமைத்தது. இன்று அதற்குச் சென்னைப் பெட்ரோலியம் என்று பெயர். அங்கே கச்சா எண்ணெயைச் சூடேற்றி உயர்ந்த கோபுரத்துக்குள் விடுகிறார்கள். இலேசான ஆவிகள் மேலேறிக் குளிர்ந்து பெட்ரோலாகவும் மண்ணெண்ணெயாகவும் டீசலாகவும் பிரிகின்றன. எந்தச் சூட்டுக்கும் ஆவியாகாமல் அடியில் தங்குவதே நிலக்கீல்.

முன்பெல்லாம் பீப்பாய்களின் மேல் 80/100 என்று எழுதியிருக்கும். 25 டிகிரிச் சூட்டில், 100 கிராம் பாரமுள்ள ஊசி 5 விநாடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து இட்ட தரம் அது. 2006-ல் இந்தியத் தர நிறுவனம் அந்த முறையை மாற்றி, 60 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று பார்த்து வி.ஜி.10, 20, 30, 40 என்று தரம் பிரித்தது. 60 டிகிரி எதற்கு? சித்திரை வெயிலில் கறுப்புச் சாலையின் சூடு ஏறத்தாழ அந்த அளவுக்குப் போகும். அப்போது நிலக்கீல் இளகினால் லாரிச் சக்கரம் பள்ளம் பறித்துவிடும். பார்வைக்குக் கல் போல் இருந்தாலும் அது வெகு மெதுவாக ஓடும் திரவமே. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துச் சர்வகலாசாலையில் இவ்வகைக் கெட்டிக் கீலைப் புனலில் ஊற்றி, 1930-ல் அடியைத் திறந்துவிட்டார்கள். 2014 வரையில் விழுந்த துளிகள் ஒன்பதே!

திருப்பரங்குன்றத்தின் பதில்

நிலக்கீல் சாலைக்குப் பரம சத்துரு மழைநீர். கல்லுக்கு எண்ணெயைக் காட்டிலும் நீரின் மேல் பற்று அதிகம். ஜல்லிக்கும் நிலக்கீலுக்கும் இடையே நீர் நுழைந்தால் பூச்சு உரிந்து, குழி விழுந்து, ஐப்பசி மழை ஓய்வதற்குள் சாலை சல்லடையாகிவிடும். இதற்கு ஒரு பதில் நம் மதுரையிலேயே பிறந்தது.

கருமுத்து தியாகராஜச் செட்டியார் 1957-ல் திருப்பரங்குன்றத்தில் எஞ்சினீயரிங் கல்லூரி ஒன்றை நிறுவினார். அங்கே ரசாயனப் பேராசிரியராயிருந்த ராஜகோபாலன் வாசுதேவன் அவர்கள், தெருவில் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பார்த்து, ஜெர்மானியர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: இது எதனால் ஆயது? பிளாஸ்டிக்கும் கச்சா எண்ணெயின் வழியே வந்தது, நிலக்கீலும் அப்படியே. ஒரே கிணற்றுப் பிள்ளைகள் மறுபடி ஒட்டாமல் போவார்களா?

முறை எளிது. ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடேற்றி, சில மில்லிமீட்டர் அளவில் துணுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவிப் புரட்ட வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் அது உருகி ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய சட்டை போல் படிந்துவிடும். பிறகு வழக்கம் போல் நிலக்கீலைச் சேர்த்துக் கலந்தால் போதும். கல்லின் நுண்துளைகள் அடைபடுவதால் நீர் நுழைய வழியில்லை; பிளாஸ்டிக் பூச்சும் நிலக்கீலும் உறவாதலால் பிடிப்பும் அதிகம். 1 கிலோமீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வழிச் சாலைக்குச் சாதாரணமாக 10 டன் நிலக்கீல் வேண்டும். இம்முறையில் 9 டன் நிலக்கீலும் 1 டன் கழிவுப் பிளாஸ்டிக்கும் போதும் என்பது கணக்கு.

2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதற் சாலை போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்து ஜம்புலிங்கம் தெருவிலும் இவ்வகைச் சாலை போடப்பட்டது; வெள்ளமும் வெயிலும் கண்டும் அது பல்லாண்டு குழி விழாமல் நின்றதைப் பத்திரிகைகள் எழுதின. 2006-ல் கல்லூரிக்கு இந்த முறைக்கான உரிமை கிடைத்தது. அதை விற்றுப் பணமாக்காமல் தேசத்துக்கு இலவசமாக வழங்கினார்கள். 2013-ல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கு விதிமுறை வகுத்து, நிலக்கீலின் எடையில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்றது. 2015 நவம்பரில் மத்திய சர்க்கார், 5 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களைச் சுற்றிப் போடும் சாலைகளில் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். 2018-ல் வாசுதேவன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இது சர்வரோக நிவாரணி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் இதற்கு ஆகாது. சூட்டில் அது விஷ வாயுவைக் கக்கும். சூட்டை அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது. கீழே அஸ்திவாரம் சரியில்லாமலும் ஓரத்தில் மழைநீர் வடிய வழியில்லாமலும் இருந்தால், மேலே எந்தப் பூச்சு பூசினாலும் சாலை நிற்காது. பிளாஸ்டிக்கைப் பொறுக்கித் தரம் பிரித்துத் தருபவர்கள் இல்லாவிட்டால் மேற்சொன்ன விஞ்ஞானமெல்லாம் காகிதத்தோடு நிற்கும். குப்பை பொறுக்கும் அந்த ஏழை ஜனங்களின் கூலியும் சாலைச் செலவுக் கணக்கில் மனமார இடம்பெற வேண்டியது நியாயம்.

தாரும் உடலும்

கடைசியாக, பெயர் வேற்றுமை உயிரைத் தொடும் இடம் ஒன்று உண்டு.

1775-ல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதற்குக் கரிப்புகையின் கசடே காரணம் என்று சொன்னார். 1915-ல் யாமகிவா, இச்சிகாவா என்ற ஜப்பானியர் இருவர் முயலின் காதில் மாதக்கணக்காகக் கரித்தார் தடவிப் புற்றுநோய் உண்டாவதைக் கண்ணால் காட்டினார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், கரித்தார் நிச்சயமாகப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். சாலை போடும்போது எழும் நிலக்கீல் புகையையோ, உண்டாக்கக் கூடியது என்ற கீழ் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தார் என்று ஒரே பெயரிட்டு அழைத்தால், எது எவ்வளவு அபாயம் என்பது வேலை செய்கிறவனுக்கு எப்படி விளங்கும்? கூரைக்கும் தொட்டிக்கும் பூச வாங்கும் கறுப்புப் பூச்சில் எது இருக்கிறது என்று டின்னைப் படித்துப் பார்த்து வாங்குவது குடும்பத்தாருக்கு நல்லது. குடிநீர்த் தொட்டியின் உட்புறம் கரித்தாரைப் பூசவே கூடாது.

அபாயம் குறைந்தது என்பதனால் நிலக்கீல் சாதுவாகிவிடாது. சாலையில் அதைப் பரப்பும்போது சூடு கொதிநீரின் சூட்டைவிட அதிகம். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் நின்று வேலை செய்யும் ஆண்களையும் பெண்களையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். தோல் செருப்பு, கையுறை, முகமூடி, நிழல், குடிநீர் இவை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கொதிக்கும் நிலக்கீல் யார் மேலாவது பட்டுவிட்டால் செய்ய வேண்டியதை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நலம். உடனே அந்த இடத்தில் குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்ற வேண்டும். ஒட்டியிருப்பதை உரித்தெடுக்கக் கூடாது. உரித்தால் தோலும் கூடவே வரும். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்கவும் கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் அதை இளக்கி எடுக்க வேண்டிய முறை டாக்டர்களுக்குத் தெரியும்.

ஊர் வழக்கை மாற்ற வேண்டும் என்பது நம் கருத்தல்ல. தார் ரோடு தார் ரோடாகவே இருக்கட்டும். ஆனால் மரத்தில் பிறந்தது கீலெண்ணெய், நிலக்கரியில் பிறந்தது கரித்தார், பூமியெண்ணெயில் தங்கியது நிலக்கீல் என்ற மூன்று பெயர்களையும் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லிவைப்போம். அவர்கள் சாலையைப் பார்த்து, இது எதனால் ஆயது என்று கேட்கத் தொடங்குவார்கள். சாயவேர்த் தொழில் மாறிப் போனபோது மதுரையில் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சோதிக்க ஒரு கல்லூரி இல்லை. 2002-ல் திருப்பரங்குன்றத்தில் இருந்தது.